35 டாலர் யாருக்கு மலிவு?

இங்கிலாந்து தேசத்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தாரின் முயற்சியால் 2012-ம் வருஷம் பிப்ரவரி 29-ந் தேதி "ராஸ்பெரி பை" என்னும் கம்ப்யூட்டர் பலகை விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். அது முதல், "ஏழைப் பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது" என்று பலர் பெருமை பேசி வருகின்றார்கள். அப்பலகையைத் தூற்றுவது நமது நோக்கமல்ல. ஆனால் எதற்காக மலிவு, யாருக்கு மலிவு என்று கேட்காமல் கைதட்ட நாம் தயாராயில்லை.

எதற்காக என்பதை முதலில் பார்ப்போம். 1981-ல் வந்த பி.பி.சி. மைக்ரோ போன்ற கம்ப்யூட்டர்களில் அந்நாட்டுப் பிள்ளைகள் தாமே புரோகிராம் எழுதிப் பழகினார்கள். பின்னால் வந்தவைகளோ விளையாடவும் வேடிக்கை பார்க்கவுமே பயன்பட்டன. அதனால் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் படிக்க வருகின்றவர்களின் தொகையும் பயிற்சியும் குறைந்ததைக் கண்டுதான், தோழர் எபென் அப்டன் முதலானவர்கள் இக்காரியத்தில் இறங்கினார்கள்.

தொடாதே, திறக்காதே, கேட்காதே என்று சொல்லப்படுகின்ற எந்த வஸ்துவிலிருந்தும் மனிதன் அறிவு பெற்றதில்லை. இப்பலகையிலோ, இயக்குகின்ற புரோகிராம் முழுவதும் ஒரு சிறு கார்டில் இருக்கின்றது. பிள்ளை அதைக் கெடுத்துவிட்டால் அழித்து மறுபடி எழுதிக்கொள்ளலாம். கெடுத்துப் பார்க்கின்ற இந்தச் சுதந்திரம்தான் மலிவின் உண்மையான பிரயோஜனம்.

இனி, யாருக்கு மலிவு? பலகைக்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை, மின்சாரம் கொடுக்கும் சாமானும் இல்லை. ஆயினும் 2012-ம் வருஷத்துப் பலகையைப் பழைய டெலிவிஷனில் சொருகலாம். செல்போன் சார்ஜரால் ஓட்டலாம். அதாவது, ஏழை வீட்டில் ஏற்கனவே கிடப்பதைக் கொண்டே காரியம் நடந்தது. அதுவே யோக்கியமான மலிவு. 2023-ல் வந்த 5-வது பலகையோ, 4 ஜி.பி. உள்ளது வந்தபோது 60 டாலராக இருந்தது. பழைய டெலிவிஷனுக்கான துவாரம் போய்விட்டது. மைக்ரோ எச்.டி.எம்.ஐ. வயர் வேண்டும், முழு வலிமையோடு ஓட 5 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். 2015-ல் 5 டாலருக்கு "ஸீரோ" வந்ததே என்பார்கள். வந்தது, அதைச் சாதாரண கீபோர்டோடு இணைக்கவே தனித் துண்டு வாங்க வேண்டியிருந்தது!

2021-க்குப் பின் சில்லுப் பஞ்சம் வந்தபோது, கிடைத்த பலகைகளில் தொழிற்சாலைக்காரர்களுக்கே முதல் பந்தி என்று கம்பெனி பகிரங்கமாகச் சொல்லிற்று. அவர்கள் பிழைப்பு அதில் இருக்கின்றதாம். இருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளைகளின் பேரைச் சொல்லிப் பந்தி ஆரம்பமாயிற்றோ, அவர்களையே வாசலில் நிற்க வைப்பது என்ன நியாயம்? 2024-ல் கம்பெனி லண்டன் பங்குச் சந்தைக்குப் போயிற்று. லாபத்தில் தர்ம ஸ்தாபனத்திற்கும் பங்குண்டு, அது கல்விக்குச் செல்லும் என்கின்றார்கள். நல்லதுதான். ஆனால் நாளைக்கு வரும் தர்மம் இன்றைக்குக் கையில் இருக்கும் கருவியாகாது.

மாற்று வழி இல்லாமலில்லை. 2016-ல் அதே நாட்டில் "மைக்ரோபிட்" என்னும் சிறு பலகையை லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு இனாமாகவே கொடுத்தார்கள். ஆகவே நாம் சொல்வது இதுதான்: பலகை, திரை, கீபோர்டு, கார்டு எல்லாம் சேர்ந்த முழுக் கருவியைப் பள்ளிக்கூடங்களும் வாசகசாலைகளும் புத்தகம் போல் பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். கெட்டுப்போனால் கேள்வி கேட்கக் கூடாது. அது நடக்கும் வரை, 35 டாலர் என்பது ஏற்கனவே இருக்கின்றவனுக்குத்தான் மலிவு.