பத்தோடு பாலிடெக்னிக் போனவன் பாவம் செய்தவனா?



இராசபாளையம் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் பத்தாவது முடித்ததும் எங்கே போகிறான்? திருவில்லிபுத்தூர் நெசவாளியின் மகன் எங்கே போகிறான்? பன்னிரண்டு வரை படித்து, அதன்மேல் நான்காண்டு கல்லூரி என்று காத்திருக்க வீட்டுக் கஞ்சிக் கலயம் இடம் கொடுப்பதில்லை. மூன்றாண்டில் கையில் ஒரு தொழில் வேண்டும். ஆகவே பாலிடெக்னிக். இராசபாளையத்திலேயே பி.ஏ.சி. இராமசாமி ராஜா பெயரில் ஒன்று இருக்கிறது.

டிப்ளமோவோடு படிப்பு முடிந்ததா? இல்லை! பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். கணக்குப் பாருங்கள். பள்ளியில் 2, கல்லூரியில் 4, ஆக 6. பாலிடெக்னிக்கில் 3, கல்லூரியில் 3, அதுவும் 6. ஓராண்டும் வீணில்லை, இடையிலே ஒரு தொழிலும் கைவசம்!

நல்ல பாதைதான். ஆனால் பாதையிலே ஒரு முள் கிடக்கிறது.

2021-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் நூற்றுக்கு 7.5 இடம் அரசுப் பள்ளி மாணவர்க்கு. அப்படிச் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற அறிவிப்பும் வந்தது. ஏழை வீட்டில் விளக்கேற்றிய சட்டம், வரவேற்கிறோம். ஆனால் நிபந்தனை என்ன? ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்!

பத்தோடு பாலிடெக்னிக் போனவன்? அவனும் அதே அரசுப் பள்ளியில், அதே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். பன்னிரண்டாம் வகுப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் அவன் வெளியே! வறுமை விரட்டியதால் சீக்கிரம் தொழில் கற்கப் போனவனுக்கே கதவடைப்பு. இது நியாயந்தானா?

முதல் பட்டதாரிச் சலுகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும். விருதுநகர் மாவட்டத்தில் அரசு பொறியியல் கல்லூரி இல்லை. நெல்லைக்கோ, காரைக்குடிக்கோ, போடிக்கோ போக வேண்டும். போனால் விடுதி, விடுதி என்றால் சாப்பாட்டுச் செலவு. தொழிலாளி வீடு தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

நாம் கேட்பது பிச்சை அல்ல. ஆறு முதல் பத்து வரை அரசுப் பள்ளி, அதன்பின் பாலிடெக்னிக்: இதையும் தகுதி என்று எழுதுங்கள். இரண்டாம் ஆண்டில் நேரே சேருபவனுக்கும் அந்த 7.5-ஐ நீட்டுங்கள். ஆட்சியாளர் மனம் வைத்தால் சிறு திருத்தம். நம் பிள்ளைகளுக்கோ அது வாழ்வு!

கிளைத் தோழர்களே, திருத்தம் வரும்வரை கைகட்டி நிற்காதீர்கள். டிப்ளமோ கடைசி ஆண்டுப் பிள்ளை உள்ள வீடுகளுக்குப் போங்கள். சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் இப்போதே வாங்கச் சொல்லுங்கள். விண்ணப்ப நாளைச் சொல்லுங்கள். வழி தெரியாததால் எந்தப் பிள்ளையும் பாதியில் நின்றுவிடக் கூடாது!