வைவா அறையின் கதவைத் திறந்து வையுங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து 2002-இல் உருவான திருவள்ளுவர் பல்கலைக்கழகம் முதலில் வேலூர்க் கோட்டைக்குள் இயங்கியது. பிறகு காட்பாடியை அடுத்த சேர்க்காட்டுக்கு இடம் மாறியது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் 2021-இல் பிரிக்கப்பட்டதால், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய நான்கு மாவட்டங்களே இன்று அதன் எல்லை. இராணிப்பேட்டை மாவட்டத்து நெமிலி வட்டப் பிள்ளைகளில் கலை, அறிவியல் படிக்கும் பலருக்குப் பட்டம் தருவது இந்தப் பல்கலைக்கழகம்தான். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அவர்களில் ஏராளம்.

மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாள்களுக்குள் பட்டம் வழங்கப்பட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008-ஆம் ஆண்டு விதி. தமிழ்நாட்டிலோ வேந்தரான ஆளுநர் தேதி கொடுத்தால்தான் விழா. மாநிலம் முழுவதும் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பட்டத்துக்குக் காத்திருப்பதாக அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் க. பொன்முடி 2023 ஜூனில் குற்றம்சாட்டினார். அரசுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் நடக்கும் இழுபறியில் நியாயம் யார் பக்கம் என்பது தனிக் கதை. வேலைக்கும் விசாவுக்கும் புரோவிஷனல் சான்றிதழை நீட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் கதையால் ஆவது ஒன்றுமில்லை. விழா எப்போது நடந்தாலும் நடக்கட்டும். பட்டச் சான்றிதழ் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

பட்டமளிப்பு விழா தள்ளிப்போனால் செய்தியாவது வரும். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, தள்ளிப்போனால் சம்பந்தப்பட்ட ஸ்காலரையும் அவர் வீட்டாரையும் தவிர யாருக்கும் தெரியாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்த ஆறு மாதத்துக்குள் மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் முடிந்து முடிவு அறிவிக்கப்பட வேண்டும் என்கின்றன மானியக் குழுவின் 2022 நவம்பர் நெறிமுறைகள். 2016-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இதையேதான் சொல்லின. ஆனாலும் “எக்ஸ்டர்னல் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை” என்ற ஒரே பதிலில் மாதங்கள் ஓடிவிடுகின்றன. ரிப்போர்ட் எங்கே, யாரிடம் நிற்கிறது என்று நெமிலியிலிருந்து கிளம்பி, முத்துக்கடையில் பஸ் மாறி, சேர்க்காடு போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் கணினிமயம் என்பதற்கு என்ன பொருள்?

வைவா நடக்கும் விதம் தமிழ்நாட்டு ஆய்வு மாணவர் எல்லோருக்கும் மனப்பாடம். கருத்தரங்க அறை, சுவரில் ஒரு ஃப்ளெக்ஸ், அதில் கைடின் படம் சற்றுப் பெரிதாக இருக்கும். ஸ்லைடுகள் ஓடியதும் தேர்வாளர்களின் அறிக்கை வாசிக்கப்படும். இரண்டு மூன்று கேள்விகள், பரிந்துரை அறிவிப்பு, கைத்தட்டல், பொன்னாடை, பிறகு பிரியாணி. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் அதே துறையின் மற்ற ஸ்காலர்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக் குறையக் கூடாதே என்று வந்தவர்கள். பிரியாணிச் செலவு, தேர்வாளரின் கார், லாட்ஜ், நினைவுப்பரிசு எல்லாம் ஸ்காலர் தலையில் விழுவதும் ஊரறிந்த வழக்கம். 2024-இல் கோவை பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மேடையிலேயே முனைவர் பட்டம் பெற்ற ஒருவர், ஆய்வு மாணவர்களை நெறியாளர்கள் சுரண்டுவதாக ஆளுநரிடம் மனு கொடுத்தார். அவர் சொன்னது கோவைக்கு மட்டும் உரியதல்ல.

இந்தச் செலவை எல்லாம் எந்த வருமானத்திலிருந்து செய்வது? நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைப்பவர்கள் மிகச் சிலர். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். நல்ல திட்டம்தான், ஆனால் மாநிலம் முழுவதற்கும் 120 இடங்கள். சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்துவதாக ஒன்றிய அரசு 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவித்தது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் கல்லூரிகளிலிருந்து ஆராய்ச்சிக்கு வருவோருக்கு அது நேரடி அடி. எந்த உதவியும் கிடைக்காதவர் தனியார் கல்லூரியில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வை நகர்த்துகிறார். ஆய்வகச் செலவைக் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியவர், செலவில்லாத தலைப்பைத் தேடுவது இயல்பு.

இழப்பு அங்கேதான்: செலவு பிடிக்கும் உள்ளூர் ஆய்வுகள் கைநழுவுகின்றன. அத்தகைய ஆய்வின் வலிமைக்கு இங்கேயே சான்று உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த வேலூர் குடிமக்கள் நலமன்றத் தீர்ப்பு, மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டிய சான்றுகளில் ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய கணக்கெடுப்பு: தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கற்றுப் போனது. ஓர் ஆய்வு மையம் வயலில் இறங்கி எடுத்த கணக்கு தில்லியில் வழக்குக்கு வலுச் சேர்த்தது. பிரச்சினை அத்தோடு முடிந்துவிடவில்லை. இராணிப்பேட்டையில் 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை விட்டுச்சென்றது. 2015 ஜனவரி இறுதியில் சிப்காட் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி உடைந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நெமிலி வட்டத்திலேயே பனப்பாக்கத்தில் கார் ஆலையும் ஷூ ஆலையும் வருகின்றன. நிலத்தடி நீரையும், கம்பெனி பஸ் ஏறப்போகும் பெண்களின் உடல்நலத்தையும் இப்போதே அளந்து வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

இவற்றை ஆராயும் ஆய்வேடுகளுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தன் நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். மாதிரிப் பரிசோதனைக் கட்டணத்தையாவது ஏற்க வேண்டும். தேர்வாளரின் பயணம், தங்கல், உணவுச் செலவு பல்கலைக்கழகக் கணக்கில் மட்டுமே எழுதப்பட வேண்டும்; பரிசுப்பொருள் வாங்குவதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய தவறாக அறிவிக்க வேண்டும். ஒவ்வோர் ஆய்வேடும் எந்தக் கட்டத்தில், எத்தனை நாளாக நிற்கிறது என்பது இணையத்தில் தெரிய வேண்டும். உள்ளூரைப் பற்றிய ஆய்வென்றால், அதன் சுருக்கத்தைத் தமிழில் அச்சிட்டு, வைவா நாளை ஊராட்சிகளுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் விவசாயிகள் சங்கங்களுக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். கிணற்று நீர் கெட்டதை அனுபவத்தில் அறிந்த விவசாயி கேட்கும் கேள்வி, எந்த எக்ஸ்டர்னலின் கேள்விக்கும் குறைந்ததாக இருக்காது.

இதில் ஆளுநரின் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியது எதுவும் இல்லை. அடுத்த சிண்டிகேட் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவரலாம்; கொண்டுவர வேண்டும்.