ஹெட் கழற்றியாச்சு, அப்படியே "அப்கிரேட்" பண்ணுவமா?



கொஞ்சம் நீளமான பதிவு. லொறி வைத்திருக்கிறவர்களும் வீட்டில் லொறிக்காரர் இருக்கிறவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

நம்ம ஊர் கராஜ்களில் அடிக்கடி கேட்கிற வசனம் ஒன்று இருக்கிறது: "ஹெட் கழற்றினதே கழற்றியாச்சு, கையோட அதையும் செஞ்சிருவம்." இந்த "அதையும்" என்ற சொல்லுக்காக எத்தனை வீட்டு நகை ஈட்டுக்குப் போயிருக்கும் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 2020 இல் வாகன இறக்குமதி நின்றது. திரும்ப ஆரம்பித்தது 2025 இல். இடையில் எல்லோரும் கையில் இருந்த பழைய லொறியைத்தான் தட்டித் தட்டி ஓட்டினார்கள். இப்போது புது லொறியின் விலையைக் கேட்டால் மீண்டும் பழையதிடமே திரும்பி வருகிறோம். ஆகவே ஹெட் வேலை என்பது எல்லோருக்கும் ஒரு நாள் வருகிற செலவுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். பழைய டீசல் லொறியின் ஹெட்டைக் கழற்றினால், அது நீண்ட நாள் நிற்பதற்குச் செலவழியுங்கள். பவர் கூடுவதற்கென்று ஒரு ரூபாயும் போடாதீர்கள். ஹெட் ஏன் போனது என்று தெரியும் வரை எதற்குமே காசு கொடுக்காதீர்கள்.

உதாரணத்துக்கு என் மச்சானின் லொறியையே எடுக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பழைய இசுசு எல்ஃப், 4பிஇ1 எஞ்சின். நாலு சிலிண்டர், 3636 சிசி, டிரெக்ட் இன்ஜெக்சன். நெல்லும் அரிசியும் ஏற்றிக்கொண்டு மஹியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகிற வண்டி. 18 வளைவு ஏறும்போது சூடாகி, ஹெட் கேஸ்கட் போய், ரேடியேட்டரில் குமிழி வர ஆரம்பித்தது. வெள்ளாமை வெட்டுத் தொடங்க மூன்று கிழமை இருந்தது. கராஜில் சொன்ன யோசனை: "காக்கா, பெரிய வால்வ் போட்டு, போர்ட்டையும் வெட்டிப் பொலிஷ் பண்ணித் தாறன். வளைவெல்லாம் பறந்து ஏறுவீங்க." இன்னொருவர் டர்போ கிட் ஒன்றும் தேடித் தருவதாகச் சொன்னார்.

இது எங்கிருந்து வருகிறது என்றால் யூடியூப்பிலிருந்து. அங்கே பெரும்பாலும் காட்டுவது அமெரிக்கப் பெற்றோல் ட்ரக்குகளின் பெரிய வி8 எஞ்சின்களை. வேகமாகச் சுற்றுகிற பெற்றோல் எஞ்சினுக்குக் காற்று தாராளமாகப் போனால் பவர் கூடும், உண்மைதான். அதில் கடினமான வால்வ் சீட் போடச் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஈயம் கலந்த பெற்றோலில் ஓடப் பிறந்த எஞ்சின்கள் அவை. ஈயம் போன பிறகு சீட் தேயத் தொடங்கியது. நம் நாட்டில் ஈயப் பெற்றோல் 2002 இல் நின்றது. டீசல் எல்ஃபுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமே இல்லை.

நம் எஞ்சினில் பவரைத் தீர்மானிப்பது பம்ப் எவ்வளவு டீசல் அனுப்புகிறது என்பதுதான். மூவாயிரத்துச் சொச்சம் சுற்றுக்கு மேல் கவர்னர் விடாது. ஏற்றத்தில் ஓடுவதோ அதிலும் பாதிச் சுற்றில். அந்த வேகத்தில் போர்ட்டைப் பெருப்பித்து என்ன கிடைக்கப் போகிறது? ஒன்றும் கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் அடுத்த வேலை பம்பின் ஸ்க்ரூவைத் திருப்புவது. கரும்புகை வரும், எக்ஸோஸ்ட் சூடு ஏறும், அந்தச் சூடு நேரே போய் அடிப்பது இரண்டு வால்வுக்கும் இடையில் இருக்கிற மெல்லிய இரும்பில். ஹெட் வெடிப்பதே பெரும்பாலும் அந்த இடத்தில்தான். டர்போ இன்னும் மோசம். டர்போ எஞ்சின்களில் பிஸ்டனுக்குக் கீழிருந்து எண்ணெய் பீச்சிக் குளிராக்குகிற அமைப்பு இருக்கும். சாதாரண எஞ்சின்கள் பலவற்றில் அது இல்லை.

சரி, ஹெட் ஏன் போனது? மச்சானின் லொறியில் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தால் கீழ் வரிசைக் குழாய்கள் பாதிக்கு மேல் அடைப்பு. வருடக்கணக்காகக் கிணற்றுத் தண்ணீர். நம்ம பக்கத் தண்ணீரில் கேத்தல் அடியில் படிகிற வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் ரேடியேட்டரிலும், பிளொக்குக்குள்ளேயும், ஹெட்டுக்குள்ளேயும். இரும்புக்கும் தண்ணீருக்கும் இடையில் போர்வை போர்த்தியது மாதிரி. தேர்மோஸ்டட்டையும் முன்னர் யாரோ கழற்றி வீசியிருக்கிறார்கள். "நம்ம நாட்டுச் சூட்டுக்கு அது தேவையில்ல" என்று சொல்கிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சில எஞ்சின்களில் தேர்மோஸ்டட் திறக்கும்போதுதான் பைபாஸ் வழி மூடும். அதைக் கழற்றினால் ஒரு பகுதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றும். காலையில் எஞ்சின் சூடேறாது, ஏற்றத்தில் சூடு இறங்காது.

இப்படிப்பட்ட லொறியில் உலகத்திலேயே நல்ல ஹெட்டைப் போட்டாலும் அடுத்த போகத்துக்குள் திரும்பக் கழற்ற வேண்டி வரும். அதனால் முதல் காசு ரேடியேட்டருக்கு, தேர்மோஸ்டட்டுக்கு, வோட்டர் பம்புக்கு, ஃபேன் பெல்ட்டுக்கு, கூலன்டுக்கு. இதை யாரும் அப்கிரேட் என்று சொல்வதில்லை. மினுமினுக்காத வேலை, படம் பிடித்துப் போடவும் முடியாது. அளவுக்கு மேல் ஏற்றுவதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினால் பாதிப் பேர் என்னை அன்பிரண்ட் பண்ணி விடுவீர்கள்.

அடுத்தது ஹெட். கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை ஏற்காதீர்கள். தண்ணீர் வழிகளை அடைத்து, காற்று ஏற்றி, சுடுதண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுடுதண்ணீர் என்பது முக்கியம், குளிரில் மூடியிருக்கிற வெடிப்பு சூட்டில்தான் வாய் திறக்கும். பிறகு நேர்கோலும் பீலர் கேஜும் வைத்து வளைவு அளக்க வேண்டும். பல எஞ்சின்களில் 0.2 மி.மீ. தான் எல்லை, உங்கள் எஞ்சினின் மனுவலில் சரியான அளவு இருக்கும். பிளொக்கின் முகத்தையும் அதே மாதிரி அளக்கச் சொல்லுங்கள், இதைப் பலர் விட்டு விடுகிறார்கள். லைனர் தேய்ந்து போயிருந்தால் ஹெட்டுக்கு மட்டும் காசு கொட்டி என்ன பயன்?

முகம் வெட்டும்போது ஒரு விசயம். டிரெக்ட் இன்ஜெக்சன் எஞ்சினில் எரியும் குழி பிஸ்டனில் இருக்கிறது, ஹெட்டின் அடி தட்டையாக இருக்கும். வெட்ட வெட்ட வால்வ் பிஸ்டனுக்குக் கிட்டே வரும், நொசில் முனையும் கூடுதலாக வெளியே நீட்டும். சீட்டை வெட்டி வால்வை உள்ளே இறக்க வேண்டும், நொசிலுக்கு அளவான வொஷர் போட வேண்டும். முகத்தை மட்டும் வெட்டிக் கொடுத்து அனுப்புகிற லேத்துக்காரர் பாதி வேலைதான் செய்திருக்கிறார்.

இந்த இடத்தில் செலவழிக்க நான் சம்மதிக்கிற "அப்கிரேட்" என்றால் தேய்ந்த சீட்டை எடுத்து நல்ல இன்சர்ட், புது கைட், புது வால்வ் சீல், நம்பிக்கையான கம்பனியின் கேஸ்கட், இழுபட்ட போல்ட் இருந்தால் புதிது. கைட்டை முதலில் மாற்றிவிட்டுத்தான் சீட் வெட்ட வேண்டும், கைட்டை மையமாக வைத்துத்தான் சீட் வருகிறது. பூட்டும்போது டோர்க் ரெஞ்ச். நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று தடவையாக. "என்ட கைக்கே அளவு தெரியும்" என்கிற பாஸ்மார்களை நான் மதிக்கிறேன். ஆனாலும் டோர்க் ரெஞ்ச்.

வெடிப்பு சீட்டைத் தாண்டித் தண்ணீர் வழிக்குப் போயிருந்தால் வேறு ஹெட்தான். வார்ப்பிரும்பை ஒட்டுவதென்றால் முழு ஹெட்டையும் சூடாக்கி ஒட்டி, மெதுவாக ஆற விட வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங் அடித்தால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற பாவித்த ஜப்பான் ஹெட்டா, பெட்டியில் வருகிற புது ஹெட்டா என்று கேட்டால், நான் பாவித்த ஜப்பான் ஹெட்டையே எடுப்பேன். ஒரு நிபந்தனை: பிரஷர் டெஸ்டில் தவறினால் திருப்பி எடுப்பதாக எழுதித் தர வேண்டும். புதிதில் வார்ப்பின் தரம் கடைக்குக் கடை மாறுகிறது. புதிதை வாங்கினாலும் கைட் இடைவெளியும் முகமும் அளந்த பிறகே பூட்ட வேண்டும். இதில் என்னோடு உடன்படாதவர்கள் இருப்பார்கள், கொமன்டில் எழுதுங்கள்.

மச்சானின் ஹெட் டெஸ்டில் பாஸ், வெடிப்பு இல்லை. வளைவு மட்டும் எல்லையைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. கைட், இரண்டு சீட், கேஸ்கட், ரேடியேட்டர் வேலை எல்லாம் சேர்த்தும் போர்ட்டிங், பெரிய வால்வுக்குக் கேட்ட தொகையை விடக் குறைவாகவே முடிந்தது. ராத்தாவின் காப்பு இன்னும் கையில் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். வளைவில் முன்பு மாதிரியே செகண்டில்தான் ஏறுகிறது, ஊசி நடுவைத் தாண்டுவதில்லை.

கராஜ் வைத்திருக்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள், உங்களில் என்னிடம் படித்தவர்களும் இருக்கிறீர்கள். பில்லில் "ஹெட் வேலை" என்று ஒற்றை வரி எழுதாதீர்கள். எத்தனை மி.மீ. வெட்டினீர்கள், எந்தக் கம்பனி கேஸ்கட், போட்டது புதிதா ரீகண்டிஷனா என்று எழுதுங்கள். கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுங்கள். அடுத்த தடவை அந்த ஹெட்டைக் கழற்றுகிறவர் நீங்களாக இல்லாமல் இருக்கலாம், அவருக்கு அந்த மி.மீ. கணக்கு தேவைப்படும்.