பொறி சொன்ன பொய்க்குப் புலவர் கையொப்பமா?

புறநானூறு, பெயருக்கேற்ப நானூறு பாட்டுகளின் தொகை. எனினும் இற்றை நாளில் அந்நூலைக் கையிலெடுத்து எண்ணிப் பார்ப்பார்க்கு 267 ஆம் பாட்டும் 268 ஆம் பாட்டும் கிட்டா. செல்லரித்தனவோ, ஏடு முரிந்து உதிர்ந்தனவோ, படியெடுத்தவர் கைதவறி விட்டனவோ, அவை மறைந்தன. 1894-இல் அத்தொகையை அச்சேற்றிய உ. வே. சாமிநாதர் ஊர் ஊராய் அலைந்து சுவடி தேடியவர்; படியோடு படி ஒப்பிட்டு ஒரு சொல்லுக்காகப் பன்னாள் காத்துக் கிடந்தவர். சங்கச் செய்யுளில் அத்துணைத் தோய்ந்த ஒருவர்க்கு இரண்டு பாட்டுகளைப் புனைந்து அவ்விடத்தில் செருகுதல் அரிய செயலன்று. அவர் செருகவில்லை. இல்லாததை இல்லை என்றே காட்டினார். 1903-இல் வெளிவந்த ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாட்டுகளும், 1904-இல் வெளிவந்த பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் அங்ஙனமே இல்லாதனவாக நின்றன. தமிழாய்வின் நேர்மை அவ்வெற்றிடங்களில் இருக்கிறது.

இற்றை ஆய்வு மாணவர் சுவடி தேடி அலைவதில்லை. அச்சிட்ட நூலைத் தேடி நூலகம் வரை நடப்பதும் அருகி வருகிறது. 2022 நவம்பர் 30 ஆம் நாள் ஓப்பன்ஏஐ எனும் அமெரிக்க நிறுவனம் சாட்சிபிடி எனும் உரையாடுபொறியை உலகினர்க்குத் திறந்துவிட்டது. அதன்பின் அதுபோல்வன பல வந்துவிட்டன. அவற்றுள் ஒன்றிடம் 267 ஆம் பாட்டைக் கேட்டால், அப்பாட்டு மறைந்துபோயிற்று என்று ஒருகால் உண்மை கூறக்கூடும். மற்றொருகால், திணை, துறை, பாடினார் பெயர், பாடப்பட்டார் பெயர், அருஞ்சொற்பொருள் எல்லாம் சேர்த்து, எவரும் பாடாத பாட்டொன்றைத் தந்துவிடவும் கூடும். இரண்டையும் ஒரே குரலில், ஒரே துணிவோடு கூறும். (சாட்சிபிடி எனும் பெயர் தமிழ்ச் செவிக்குச் 'சாட்சி பிடி' என்றே கேட்கிறது. வடசொல் கலந்ததாயினும் பொருந்திய பெயர்தான். பிடித்து வருவது பொய்ச்சான்றாகவும் இருக்கும் என்பதே குறை!)

இதனைப் பொறியின் கயமை எனல் பிழை. இஃது அதன் கட்டமைப்பு. அளவற்ற பக்கங்களைச் சொற்கூறுகளாக அறுத்து, எந்தக் கூற்றை அடுத்து எந்தக் கூறு வரத்தகும் எனக் கணக்கிட்டுப் பழகியதே அதன் கல்வி. வரத்தகுவதைத் தருமேயன்றி, வந்ததை அறியாது. ஒரு நூற்பெயரும் ஓர் ஆசிரியர் பெயரும் ஓர் ஆண்டும் ஒரு பக்க எண்ணும் அடுத்தடுத்து வருதல் மேற்கோளின் வடிவம். அவ்வடிவத்தை அது நன்கு கற்றிருக்கிறது. அவ்வடிவத்திற்குள் மெய்யான நூல் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அதன் கணக்கில் இல்லை. வலையில் தேடி இணைப்புக் காட்டும் புதிய பொறிகளும் உள. அவ்விணைப்பில் அவை கூறிய செய்தி உண்டா என்பதைத் திறந்து பார்த்தவரே அறிவர். திறந்து பார்ப்பவர் எத்தனைபேர்?

ஆய்வாளர்க்கென்றே ஆக்கப்பட்ட பொறியின் கதை இன்னும் கேடானது. 2022 நவம்பர் 15 ஆம் நாள் மெட்டா நிறுவனம் கேலக்டிகா எனும் பொறியை வெளியிட்டது. 4 கோடியே 80 இலக்கம் அறிவியற் கட்டுரைகளும் நூல்களும் பிறவும் அதற்கு ஊட்டப்பட்டனவாம். மூன்றே நாளில் அதன் பொதுப் பயன்பாட்டை அந்நிறுவனமே மூடிற்று. மெய்யான அறிஞர் பெயரில் பொய்யான கட்டுரைகளை அது படைத்தது. விண்வெளியில் கரடிகள் வாழ்ந்த வரலாற்றையும் கேட்டார்க்கு எழுதிக் கொடுத்தது. இத்துணைக் கட்டுரைகளை விழுங்கியும் உண்மைக்கும் பொய்க்கும் வேறுபாடு விளங்கவில்லை என்றால், கற்றலும் விழுங்கலும் ஒன்றல்ல என்பது இதனினும் தெளிவாக விளங்க வேறென்ன வேண்டும்?

பொறியைப் பயன்படுத்தினேன் என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்பார் உளர். போதாது. 2024 பிப்பிரவரியில் பிராண்டியர்சு நிறுவனத்தின் உயிரணு ஆய்விதழ் ஒன்றில், உலகமே நகைத்த எலிப்படம் வெளிவந்தது. எலியின் உறுப்பு எலியினும் பெரிதாக நின்றது. அதனைச் சுட்டிய பெயர்களோ எம்மொழியிலும் இல்லாத எழுத்துக்குவியல். அப்படத்தை மிட்சர்னி எனும் படம்வரை பொறி வரைந்தது என்று கட்டுரையாளர் மறைக்காமலே கூறியிருந்தனர்! கூறியும் பயனென்ன? வரைந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அஃது அச்சேறியிராது. மதிப்பீட்டாளர் கண்ணையும் பதிப்பாசிரியர் கண்ணையும் கடந்து வந்த அது, படித்தவர் நகைத்த பின்னரே, மூன்று நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் எல்சேவியர் நிறுவனத்து இதழொன்றில் மின்கலம் பற்றிய ஒரு கட்டுரையின் முன்னுரை, கேட்டவர்க்குப் பொறி கூறும் முகமன் உரையுடனே தொடங்கிற்று. எழுதியவரே தம் முதல் வரியைப் படிக்கவில்லை என்றால், பிறர் அதனை எதற்காகப் படித்தல் வேண்டும்?

ஆய்வு வெளியீட்டின் அறநெறிக்கென அமைந்த கோப் எனும் பன்னாட்டுக் குழு, பொறியை நூலாசிரியராகக் குறித்தல் கூடாது என 2023-இல் அறிவித்தது. ஆசிரியர் எனப்படுவார் தாம் எழுதியதற்கு விடை சொல்ல வேண்டியவர். பொறி யார் முன் நின்று விடை சொல்லும்? பொறி எழுதிய பகுதிக்கும் மாந்தரே முழுப்பொறுப்பு என்பதும் அவ்வறிவிப்பின் கூறு. பொறுப்பைப் பொறியிடம் ஒப்படைத்துவிட்டுப் பட்டத்தை மட்டும் தாம் வாங்கிக்கொள்ளுதல் களவின் புதுவடிவேயன்றி வேறன்று.

இக்களவை அளக்கப் பழைய முழக்கோல் உதவாது. இந்தியப் பல்கலைக்கழக நல்கைக்குழுவின் 2018 ஆம் ஆண்டு நெறிமுறைகள், பிற நூல்களோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காட்டைத் தாண்டினால் அதற்குப் படிப்படியாக ஒறுப்பு வகுத்தன. எங்கோ ஒருவர் எழுதியதை அப்படியே எடுத்தவரைப் பிடிக்கும் வலை அது. பொறி புனைந்ததோ எங்கும் எவரும் எழுதாதது; அஃது அவ்வலையின் கண்வழியே எளிதில் நழுவும். ஒப்புமை குறைவு எனும் சான்றிதழை ஆய்வேட்டின் முன் ஒட்டிவிட்டால் நேர்மை நிலைநாட்டப்பட்டதாகக் கருதும் துறைகளின் அறியாமையை என்னென்பது!

பொறி எழுதியதைப் பொறியைக் கொண்டே பிடிக்கலாம் என்போர் அறியாமை அதனினும் கொடிது. சாட்சிபிடியை ஆக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே அத்தகைய கருவியொன்றை 2023 சனவரியில் வெளியிட்டு, அது செம்மையாக இயங்கவில்லை என்று சூலையில் விலக்கிக்கொண்டது. பொறி எழுதியவற்றுள் 26 விழுக்காட்டை மட்டுமே அஃது இனங்கண்டதாம். அதே ஆண்டில் அமெரிக்காவின் சிடான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இத்தகைய கருவிகள் ஏழை ஆய்ந்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் தம் கையால் எழுதிய 91 தேர்வுக் கட்டுரைகளுள் சரிபாதிக்கும் மேலானவற்றை அக்கருவிகள் பொறி எழுதியவை எனப் பழித்தன. எளிய சொல்லால் எழுதியதே அவர் செய்த குற்றம்! ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுமாறு நெருக்கப்படும் தமிழ் மாணவர் தலைமேல் இக்கத்தி தொங்குகிறது. மெய்யாகவே உழைத்தவர் கள்வர் எனப்படுவார். கள்வர் சொற்களைச் சற்றே மாற்றித் தப்புவார்.

தமிழிலேயே எழுதுவார்க்கு இடர் வேறுவகை. 2020-இல் வெளிவந்த சிபிடி-3 எனும் முந்தைய பொறிக்கு ஊட்டப்பட்ட சொற்களுள் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆங்கிலம். உலகத்து ஏனைய மொழிகளெல்லாம் எஞ்சிய சிறுகூற்றைப் பங்கிட்டுக்கொண்டன. பின்வந்தவை மேலும் தமிழ் கற்றிருப்பினும், ஆங்கிலத் தொடரின் எலும்புக்கூட்டின்மேல் தமிழ்ச் சொல்லைப் போர்த்தியது போன்ற நடை இன்னும் நீங்கியபாடில்லை. செயப்பாட்டுவினை பெருகிய, எழுவாய் தேவையின்றி மீண்டும் மீண்டும் வரும் அந்நடையை ஆய்வேட்டில் ஒட்டுவார், அதனையே தம் மாணவர்க்கும் கற்பிப்பார். அவ்வேடு வலையேறும், நாளைய பொறி அதனைத் தமிழ் எனக் கற்கும். பொறி ஈன்றதையே பொறிக்கு மீளவும் ஊட்டிவந்தால் அதன் ஆற்றல் தலைமுறைதோறும் சிதையும் என்பதை 2024 சூலையில் நேச்சர் இதழில் வந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆங்கிலம் கடல், அதில் கலந்த நஞ்சு கரைந்துபோகலாம். வலையில் தமிழ் இன்னும் சிறு குளமே. பொய்ப் புறப்பாட்டு ஒன்று அதில் விழுந்தால், அடுத்த ஆண்டு அதுவே 'சான்று' ஆகித் திரும்பி வரும்.

பொறியைத் தொடாதே என்பது இதன் கருத்தன்று. அச்சுப்பொறியும் அயல்நாட்டிலிருந்து வந்ததே. அதனைத் தமிழர் கைக்கொண்டமையாலேயே சங்க நூல்கள் பிழைத்தன. எழுத்துப்பிழை திருத்தவும், தெரியாத மொழியில் உள்ள கட்டுரையின் போக்கை முதற்கண் அறியவும், அடைவு அகரவரிசைப்படுத்தவும், தம் வாதத்திற்கு மறுப்பு எவ்வாறு எழக்கூடும் எனக் கேட்டுப் பார்க்கவும் பொறி ஏவலாளாக உதவும். ஏவலாள் கொண்டுவந்த பொருளை எண்ணி வாங்குவதன்றோ தலைவர்க்கு அழகு? அது தந்த ஒவ்வொரு மேற்கோளையும் மூலநூலில் திறந்து காணாமல் எழுதுதல் கூடாது. எதற்குப் பயன்படுத்தினார், எந்தப் பொறி, எந்நாள் என்பவற்றை ஏட்டிலேயே குறித்தல் வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டுவதற்குப் பெரும்பொருட் செலவு ஏதுமில்லை. வாய்மொழித் தேர்வு நாளில், ஆய்வேட்டில் காட்டிய மேற்கோள்களுள் தேர்வாளர் கைவைத்துச் சுட்டும் பத்தை, மூலநூலோடு மேசைமேல் எடுத்து வைக்குமாறு ஆய்வாளரைக் கேட்டல் வேண்டும். நெறியாளரும் அருகிலேயே அமர்ந்திருக்கட்டும். பக்கத்தைத் திறக்கத் திறக்க எந்த ஏடு நூலகத்தில் பிறந்தது, எது பொறியில் பிறந்தது என்பது அவ்வறையிலேயே விளங்கிவிடும்.