தேநீர்க்கடைப் படியும் சக்கர நாற்காலியும்

ஒரு சமுதாயம் தன் மக்களைச் சமமாக மதிக்கின்றதா என்பதை அறியச் சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. அதன் தேநீர்க்கடை வாயிலிற் சிறிது நேரம் நின்று பார்த்தாற் போதும். யாழ்ப்பாணத்து மக்கள் இவ்வுண்மையை ஏட்டிற் படித்து அறிந்தவர்களல்லர். 1950களிலும் 1960களிலும், சாதியின் பேரால் கடைக்கு வெளியே நிறுத்தப்பட்டுப் போத்தலிலும் தகரப் பேணியிலும் தேநீர் வாங்கிக் குடித்தவர்கள், உள்ளே சென்று மற்றவர் இருக்கும் வாங்கிலே தாமும் இருக்கும் உரிமைக்காகப் போராடினார்கள், அடிபட்டார்கள், சிலர் உயிரையும் இழந்தார்கள். 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் அந்த வாயிலை மறிப்பதைக் குற்றமாக்கிற்று. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையோ, கடை, பொது உணவுச்சாலை, விடுதி, களியாட்டிடம் என்று பெயர் சொல்லியே, இனம், மதம், மொழி, சாதி, பால் என்பவற்றின் காரணமாக எவரையும் அங்கே தடுத்தலாகாது என்று விதித்தது.

இன்று அதே வாயிலில் வேறொருவர் நிறுத்தப்படுகிறார். அவர் சக்கர நாற்காலியில் வந்தவர். அவரை எவரும் ஏசவில்லை, எவரும் துரத்தவில்லை. அங்கே இருப்பவை மூன்று படிகள் மட்டுமே. கடை முதலாளி நல்லவர். ஓடி வந்து, "தம்பி, நீங்கள் அதிலையே இருங்கோ, நான் தேத்தண்ணியைக் கொண்டு வந்து தாறன்" என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால், தேநீர் குடிக்கப்படும் இடம் மறுபடியும் தெருவாகிவிட்டது! அன்று வெளியே நிறுத்தியது வெறுப்பு, இன்று வெளியே நிறுத்துவது கவனமின்மை. இவ்விரண்டும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. வெளியே இருப்பவருக்கு அந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதலைத் தரும் என்று மட்டுமே கேட்கிறோம். வேறு சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, நாலு பேராகச் சேர்ந்து நாற்காலியோடு தூக்கி உள்ளே விடலாம் என்பார்கள். நால்வர் தூக்கிச் செல்லும் பயணம் நம் ஊர் வழக்கில் எதற்குரியது என்பதை வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் யாரோ சிலர் என்று எண்ணிவிடுதல் எளிது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்டோர், ஏதேனும் ஒரு வகை இயலாமையுடன் வாழ்ந்தனர். நமது மாகாணங்களின் கதை இன்னும் கொடியது. 2009 மே மாதத்தில் முடிந்த போர், எறிகணைத் துண்டுகளாலும் மிதிவெடிகளாலும் கால்களைப் பறித்தது. முள்ளந்தண்டைத் தாக்கி இடுப்புக்குக் கீழ் உணர்வற்றவராகப் பலரை விட்டுச் சென்றது. அன்று இருபது வயதாயிருந்தவர்கள் இன்று நடுவயதினர். மணம் முடித்தவர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், தொழில் செய்பவர்கள். போர் ஓய்ந்தபின்னும் இந்தத் தொகை நின்றுவிடவில்லை. பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர் உளர். வீதி விபத்து ஆண்டு முழுவதும் நடக்கின்றது. நீரிழிவு காரணமாகக் கால் இழப்போருள் வைத்தியரும் உளர், வழக்கறிஞரும் உளர்.

கள் இறக்கும் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். பனையேறி விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஒருவருக்கு, அவரே வருடக்கணக்காகக் கள் ஊற்றிய தவறணையிற் பழைய தோழரோடு இருந்து பேச வழியில்லை. முற்றத்து மணலிற் சக்கரம் புதைகிறது. குடியைப் பெருக்குதல் எமது நோக்கமன்று. மதுவிலக்கை விரும்பும் அன்பர்கள் அதை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்கட்டும்; படிக்கட்டைக் கொண்டு சிலருக்கு மட்டும் அதை அமுல் செய்ய வேண்டாம். தவறணையோ, தேநீர்க்கடையோ, பட்டினத்து மதுச்சாலையோ, அங்கே மனிதர் வாங்கச் செல்வது பானத்தை மட்டுமன்று. நெல்லின் விலையும், வெங்காயத்தின் விலையும், யாருக்கு வாக்களிப்பது என்பதும் பேசித் தீர்க்கப்படும் இடம் அது. அதற்கு வெளியே இருப்பவர் ஊர்ப் பேச்சுக்கும் வெளியே இருக்கிறார்.

படி ஏன் வந்தது? காரணம் இல்லாமல் வரவில்லை. நமது கடைத்தெருக்களில் வீதிக்கும் கடைக்கும் இடையே வடிகால் ஓடுகின்றது. மாரி மழையிற் பெருகும் வெள்ளம் உள்ளே புகாதிருக்கத் தரையை உயர்த்திக் கட்டினார்கள். அதிற் குற்றமில்லை. ஆயின், தரை உயர உயரப் படி வைத்தவர்கள் சரிவுப்பாதையை நினைக்கவில்லை. இதன் கணக்கு எளிது: ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கு ஆறு அடிச் சரிவு போதும்; வடிகாலின் மேல் இடும் மூடியையே சரிவாக அமைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். மூன்று படி என்றால் பதினெட்டு அடி வேண்டும். அதற்கு முன்புறத்தில் இடமிராது என்பது உண்மை. அங்கே பக்கவாட்டில் திருப்பிக் கட்டலாம், பின்வாயிலைத் திறந்து விடலாம். செங்குத்தாக ஒரு பலகையைச் சாத்திவிட்டு, "வசதி செய்துவிட்டோம்" என்பது மட்டும் வேண்டாம். அதில் ஏறுகிறவர் பின்னோக்கிக் கவிழ்வார்.

உள்ளே சென்றபின் வேறு தடைகள் உண்டு. தரையோடு பூட்டிய இருக்கைகளுக்கு இடையே நாற்காலி நுழையாது. அது ஒரே இடத்தில் திரும்புவதற்கு ஐந்தடி வட்டம் வேண்டும். கையால் உண்ணும் நமக்குக் கை கழுவும் தொட்டி இலையைப் போல அவசியமானது. அதுவோ நெஞ்சளவு உயரத்தில், இரண்டு படி தாண்டி, ஒடுங்கிய பாதையின் முடிவில் இருக்கிறது. மலசலகூடத்தின் கதவு அகலத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். சாப்பிடப் போகும் நாளிற் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமலிருக்கப் பழகிக்கொண்டவர்கள் உண்டு என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. அதன் கீழ் 2006 ஒக்டோபர் 17 ஆம் திகதி வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள், பொதுக் கட்டிடங்களுக்கும் பொது இடங்களுக்கும் பொதுச் சேவை கிடைக்கும் இடங்களுக்கும் தடையற்ற வழி வேண்டும் என்றன. ஏற்கனவே இருந்த கட்டிடங்களுக்கு மூன்று ஆண்டுத் தவணை கொடுத்தன. தாமே சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றத்தை நாடியதன் பயனாக 2011 ஏப்பிரல் 27 ஆம் திகதி நீதிமன்றக் கட்டளையும் பிறந்தது. 2016 இல் இலங்கை ஐக்கிய நாடுகளின் சமவாயத்தையும் ஏற்று உறுதி செய்தது. தாள் குவிந்தது, படி அப்படியே இருக்கிறது.

இங்கேதான் நம்மவரிடம் ஒரு வார்த்தை கேட்க விரும்புகிறோம். கொழும்பு அதிகாரம் தரவில்லை என்பது நமது நீண்டகாலக் குறை, நியாயமான குறை. காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் கேட்டு நிற்கிறோம், இன்னும் கேட்போம். ஆனால், உணவுச்சாலைக்கு வருடாந்த உரிமப் பத்திரம் கொடுப்பவர் யார்? கட்டிட வரைபடத்தை அங்கீகரிப்பவர் யார்? பிரதேச சபையும் நகர சபையும் மாநகர சபையுமல்லவா? 2025 மே 6 ஆம் திகதித் தேர்தலில் வடக்கிலும் கிழக்கிலும் பல சபைகளுக்குத் தமிழ்க் கட்சிகளையே மக்கள் அனுப்பினார்கள். மதுச்சாலை அனுமதி மத்திய அரசின் மதுவரித் திணைக்களத்தின் கையில் என்பது சரி. தேநீர்க்கடையின் கதவுக்கு அந்தச் சாட்டைச் சொல்ல முடியாது. சமையலறை சுத்தமா என்று பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் செல்கிறார். அந்த நேரத்தில் வாயிலின் உயரத்தை யாரேனும் ஒருவர் அளந்து குறித்தால் என்ன?

சிறு கடைக்காரர் செலவுக்கு எங்கே போவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாக்கு விரித்து வடை விற்கும் மூதாட்டியிடம் எவரும் சரிவுப்பாதை கேட்கவில்லை. கோடிக்கணக்கிற் செலவழித்துக் கண்ணாடி முகப்பும் பளிங்குத் தரையும் வைத்து, குளிரூட்டியும் பூட்டிய புதிய உணவகங்கள் அதே மூன்று படியோடு எழுகின்றனவே, அவற்றின் வரைபடத்திற் கையொப்பமிட்ட பொறியியலாளரும், அதை அங்கீகரித்த சபையும் பதில் சொல்லட்டும். பழைய சிறு கடைகளுக்குச் சபையே வடிகால் மூடியைச் சரிவாக இட்டுக் கொடுக்கலாம். வடிகால் சபையினுடையதாயின் மூடியும் சபையின் பொறுப்பே.

உபவிதி இயற்றக் காலம் எடுக்கும். உரிமப் பத்திர விண்ணப்பத்தில், "சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியால் உள்ளே வருவார்? எந்த மலசலகூடத்தைப் பயன்படுத்துவார்?" என்று இரண்டு கேள்விகளைச் சேர்ப்பதற்குச் சபைத் தீர்மானம் ஒன்று போதும். வரும் சனவரியிற் புதுப்பிக்கப்படும் பத்திரங்களிலேயே இதைத் தொடங்கலாம். எந்தச் சபை முதலில் தீர்மானம் கொண்டு வருகிறது என்று பார்ப்போம்.