அத்தாட்சிக்கு அத்தாட்சி யார்?

களத்து மேட்டில் கூலி நெல் அளக்கும்பொழுது மரக்காலில் சர்க்கார் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நமது விவசாயத் தொழிலாளர்கள் போராடிப் பழகிய வழக்கம். கள்ள மரக்கால் எத்தனை குடும்பங்களின் கஞ்சியைப் பறித்தது என்பதை அவர்கள் அறிவார்கள்.

இன்று கூலி பாங்கிக் கணக்கில் விழுகிறது. மில் தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டு கணக்கும் செல்போனுக்குள் வந்துவிட்டது. திரையில் தெரியும் வெப்சைட் உண்மையிலேயே பாங்கியினுடையதா, மோசடிக்காரன் விரித்த வலையா? அதற்கு முத்திரை குத்துவது யார்? எதைச் சோதித்துக் குத்துகிறார்கள்? இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. பணம் யாருடையதோ, கேள்வியும் அவர்களுடையதே!

இந்த முத்திரைக்கு டிஜிட்டல் சான்றிதழ் என்று பெயர். இதை வழங்குவதற்கென்றே உலகில் சில ஸ்தாபனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை லாபத்துக்கு நடக்கும் கம்பெனிகள். அவர்கள் செய்யும் சோதனை மூன்று வகைப்படும்.

முதல் வகையில் ஒரே ஒரு விஷயம்தான் பார்க்கப்படுகிறது. சான்றிதழ் கேட்பவரின் கைவசம் அந்த வெப்சைட் விலாசம் இருக்கிறதா? இருந்தால் போதும். ஆள் யார் என்ற விசாரணை கிடையாது. யந்திரமே சில நிமிஷங்களில் முடித்துவிடும். 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற ஸ்தாபனம் இதை இலவசமாகவே கொடுக்கிறது. ஏழைச் சங்கமும் பெறலாம், மோசடிக்காரனும் பெறலாம்.

இரண்டாவது வகையில் ஸ்தாபனமே சோதிக்கப்படுகிறது. சர்க்கார் பதிவேட்டில் அதன் பெயர் உண்டா, விலாசம் சரியா, விண்ணப்பித்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவது வகைக்கு 2007-ல் விதிகள் வகுக்கப்பட்டன. சட்டப்படி இருக்கிறதா, சொன்ன இடத்தில் இருக்கிறதா, உண்மையில் தொழில் நடத்துகிறதா, கையெழுத்திடும் நபருக்கு அதிகாரம் உண்டா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். விண்ணப்பத்தில் எழுதிய டெலிபோன் நம்பரை அப்படியே நம்பிப் பேசக் கூடாது. வேறு ஆதாரத்திலிருந்து சரிபார்த்த நம்பரில் பேச வேண்டும். தஸ்தாவேஜுகளைச் சேகரித்தவரே முடிவு செய்யக் கூடாது. இன்னொருவர் பார்க்க வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் விதி ஏட்டில் இருந்தால் போதுமா?

2001 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். மைக்ரோஸாப்ட் கம்பெனி ஊழியன் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு போலி நபருக்கு, வெரிசைன் கம்பெனி மைக்ரோஸாப்டின் பெயரிலேயே இரண்டு சான்றிதழ்கள் கொடுத்துவிட்டது! கம்பெனி உண்மை, பெயர் உண்மை, கேட்ட ஆள்தான் போலி.

2017-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் ஸ்டிரைப் என்ற பிரபலமான பணப் பட்டுவாடாக் கம்பெனி டெலவேர் ராஜ்யத்தில் பதிவு பெற்றது. ஓர் ஆராய்ச்சியாளர், குறையைக் காட்டுவதற்காகவே, கென்டக்கி ராஜ்யத்தில் அதே பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, மூன்றாவது வகைச் சான்றிதழையே வாங்கிக் காட்டினார். ஒரு தஸ்தாவேஜும் பொய் அல்ல! சோதனை விதிப்படியே நடந்தது. ஆனால் திரையைப் பார்ப்பவருக்கு எது எந்தக் கம்பெனி என்று தெரிய வழியில்லை. 2019-ல் குரோமும் பயர்பாக்ஸும் கம்பெனிப் பெயரை விலாசத்தின் பக்கத்தில் காட்டுவதையே நிறுத்திவிட்டன.

சான்று வழங்கும் இடத்திலேயே கோளாறு ஏற்பட்டால்? 2011-ல் ஹாலந்தின் டிஜிநோட்டார் கம்பெனிக்குள் திருடர்கள் புகுந்து, கூகிள் பெயரில் கள்ளச் சான்றிதழ் தயாரித்தார்கள். ஈரானில் சுமார் 3 லட்சம் இணைப்புகள் இதற்கு இலக்காயின. அம்பலப்படுத்தியது பெரிய அதிகாரியா? இல்லை. தன் திரையில் வந்த எச்சரிக்கையைக் கண்டு "இது என்ன?" என்று பகிரங்கமாகக் கேட்ட ஈரானிய உபயோகிப்பாளர் ஒருவர்! அந்த ஆண்டு செப்டம்பரிலேயே டிஜிநோட்டார் திவாலாயிற்று. நமது நாடும் விலக்கல்ல. 2014 ஜூலையில் தேசியத் தகவலியல் மையத்தின் வழியாக, கூகிள் விலாசங்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்தது கண்டுபிடிக்கப்பட்டது.

சோதிப்பவர்களைச் சோதிப்பது யார்? ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. ஆனால் தணிக்கைக்காரரைத் தேர்ந்தெடுப்பதும், அவருக்குப் பணம் கொடுப்பதும் தணிக்கைக்கு உள்ளாகும் கம்பெனியே! மேஸ்திரியின் கணக்கை மேஸ்திரியின் ஆளே பார்ப்பது போன்றது இது. எந்த முத்திரை செல்லும் என்பதைத் தீர்மானிப்பவர்கள் முக்கியமாக ஆப்பிள், கூகிள், மைக்ரோஸாப்ட், மொஸில்லா ஆகிய நால்வர். விதி வகுக்கும் சபையில் ஓட்டு, சான்று விற்பவர்களுக்கும் பிரௌஸர் தயாரிப்பவர்களுக்கும்தான். கோடிக்கணக்கான ஜனங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை.

ஆயினும் ஒரு நல்ல மாறுதல் வந்திருக்கிறது. வழங்கிய சான்றிதழ்களைப் பகிரங்க ஏட்டில் பதிய வேண்டும் என்று 2018 முதல் குரோம் வற்புறுத்துகிறது. மில் வாசலில் ஆஜர் பட்டியலை ஒட்டி வைப்பது போல, யார் பெயரில் என்ன சான்று போயிற்று என்று எவரும் பார்க்கலாம். ரகசியத்தில்தான் மோசடி வளரும். வெளிச்சத்தில் அது வாழாது.

நாம் கோருவது இதுதான். தணிக்கை, கம்பெனியின் தயவில் இல்லாத சுதந்திரமான தணிக்கையாக இருக்க வேண்டும். காகிதத்தில் மட்டும் வாழும் போலிக் கம்பெனிகளைச் சர்க்கார் பதிவேட்டிலிருந்து களைய வேண்டும். பதிவேடு பொய்யானால் அதைப் பார்த்துக் கொடுக்கும் சான்றும் பொய்யே. பாங்கிகளும் சர்க்கார் இலாகாக்களும் தங்கள் சரியான விலாசத்தைப் பாஸ் புத்தகத்திலும் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையிலும் தமிழில் அச்சிட வேண்டும்.

தோழர்களே! பூட்டுப் படத்தைக் கண்டு ஏமாறாதீர்கள். ஜனங்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் 2023-ல் குரோமே அந்தப் படத்தைக் கைவிட்டது. வழியில் திருடன் இல்லை என்றுதான் பூட்டு சொல்லும். வீட்டுக்குள் இருப்பவன் யோக்கியன் என்று சொல்லாது. விலாசத்தை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத தோழருக்குப் படித்துச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

மரக்காலைத் திருப்பிப் பார்த்துக் கேள்வி கேட்டவர்கள் நாம். திரையையும் திருப்பிப் பார்ப்போம்!