மருந்து எதுவும் சிக்கவில்லை... ஆனாலும் பந்தயம் இல்லை! செக் சைக்கிளோட்டிக்கு நடந்தது என்ன?

பரிசோதனையில் ஊக்கமருந்து எதுவும் சிக்கவில்லை. ஆனாலும் "நீங்கள் ஓட்டக்கூடாது" என்கிறார்கள். அது எப்படி?

செக் குடியரசின் ரோமன் குரோய்சிகருக்கு 2014இல் அதுதான் நடந்தது.

யார் இவர்?

1986இல் பிறந்தவர். அப்பாவும் சைக்கிளோட்டிதான், பெயரும் அதே ரோமன் குரோய்சிகர்! மகன் 2004இல் இளையர் உலக வெற்றியாளர். 22 வயதில் 'டூர் டி சுவிஸ்' பட்டம். 2013இல் நெதர்லந்தின் 'ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸ்' பந்தயத்தில், 250 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தைக் கடந்து, தன்னந்தனியாக எல்லைக் கோட்டைத் தொட்டார். அதே ஆண்டு 'டூர் டி பிரான்ஸ்' போட்டியில் ஐந்தாம் இடம். அவருடைய அணித் தலைவர் கொண்டடோருக்கு நான்காம் இடம். தலைவருக்காக உழைத்துக்கொண்டே ஐந்தாவதாக வருவது சும்மா இல்லை.

பிரச்சினை எங்கே தொடங்கியது?

'உயிரியல் பாஸ்போர்ட்'டில். பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அது புத்தகம் கிடையாது. ஒரு வீரரின் ரத்த அளவுகளைப் பல ஆண்டுகளாகக் குறித்துவைக்கும் பதிவு. அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் 2008இல் அதைக் கொண்டுவந்தது.

முக்கியமாகப் பார்ப்பது இரண்டை: ஹீமோகுளோபின், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள். யாராவது ரகசியமாக ரத்தம் ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் ஏறும். உடல், "போதும்ப்பா" என்று புதிய அணுக்கள் செய்வதைக் குறைத்துவிடும். மருந்து ரத்தத்தில் தங்காவிட்டாலும் அதன் தடம் தங்கும். திருடனைப் பிடிக்காமல் காலடித் தடத்தைப் பிடிப்பது மாதிரி.

ஆனால் தடத்தைப் படிப்பவர்கள் நிபுணர்கள். அவர்கள் சொல்வது "இப்படி இயற்கையாக நடக்க வாய்ப்பு மிகக் குறைவு" என்பதே. நேரடி ஆதாரம் அது ஆகாது.

குரோய்சிகரின் 2011, 2012 அளவுகள் சந்தேகத்தைக் கிளப்பின. அவரிடம் விளக்கம் கேட்டது 2013 ஜூனில். விளக்கம் போதாது என்று நிபுணர்கள் சொன்னதும், 2014 ஜூனில் அணியே அவரை டூர் டி பிரான்ஸிலிருந்து விலக்கியது. அந்த முறை அணியில் சேர்ந்த போலந்தின் ரஃபால் மைக்கா மலையேற்றச் சிறந்த வீரருக்கான புள்ளி போட்ட சட்டையையே வென்றார். குரோய்சிகர் அதை எங்கிருந்து பார்த்திருப்பாரோ!

ஆகஸ்ட்டில் தற்காலிகத் தடை. செப்டம்பரில் செக் ஒலிம்பிக் குழுவின் நடுவர் மன்றம், குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. சங்கமும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் விளையாட்டு நடுவர் மன்றத்தில் மேல்முறையீடு செய்தன. அவரோ தமது ரத்த அளவுகளை இணையத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டார்.

2015 ஜூனில் திடீர்த் திருப்பம். புதிய தகவல் கிடைத்திருப்பதாகக் கூறி இரண்டு அமைப்புகளும் வழக்கை மீட்டுக்கொண்டன.

பாஸ்போர்ட் முறையே தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களைப் பிடிக்க அதைவிட்டால் வேறு வழி குறைவு. இங்கே உறுத்துவது காலம். 2011இல் எடுத்த ரத்தத்துக்கு 2015 வரை பதில் தேட வேண்டியிருந்தது. ஒரு சைக்கிளோட்டியின் உச்ச வயதில் நான்கு ஆண்டு என்பது பெரிய விலை.

குரோய்சிகர் திரும்பி வந்தார். 2018 ஆம்ஸ்டெல் கோல்ட் ரேஸில் இரண்டாம் இடம். 2021இல் ஓய்வு பெற்று, 'பஹ்ரைன் விக்டோரியஸ்' அணியில் பந்தய இயக்குநரானார். இப்போது அவர் வேலை சைக்கிளில் இல்லை, வீரர்களுக்குப் பின்னால் வரும் காரில்.